ஹமுராபியின் தானியக் களஞ்சியம்

கணினி விளையாட்டு ஒன்றைத் தானே ஆக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிறந்த எவரும் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கொண்டு தொடங்குவது என்பதைத்தான். கேட்ட மாத்திரத்தில் பத்துப் பெயர்கள் வந்து விழும். அப்பத்தில் ஒன்றைத் தேர்ந்து, அதை நிறுவி, அதற்கான காணொளிப் பாடங்களில் நான்கைப் பார்ப்பதற்குள் ஆசை பாதி வடிந்துவிடும். இலக்கியமும் வரலாறும் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு மென்பொருள்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் தொழில் இல்லை. ஆனால் இக்கேள்விக்குப் பின்னால் அறுபதாண்டு வரலாறு ஒன்று கிடக்கிறது; அது நம் எல்லைக்குள் வருவதே. கணினியை அதற்குமுன் தொட்டே இராத மனிதர்கள் சிறு சிறு விளையாட்டுகளை எழுதிய வரலாறு அது. தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர், உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன், பட்டம் செய்வதில் பிரியமுள்ள ஒருவர் என அதில் வருவோர் பலதரப்பட்டவர்கள். இவர்களுள் பெரும்பாலோர் கருவியிலிருந்து தொடங்கவில்லை. வேறொருவர் முடித்துவைத்த சிறிய விளையாட்டு ஒன்றின் உட்புறத்தைப் பார்க்கக் கிடைத்ததிலிருந்து தொடங்கினார்கள். அந்த வழி எப்படித் திறந்தது, எப்படி அடைபட்டது என்பதையே இங்குச் சற்று விரிவாகக் காண விழைகிறோம்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்னும் சிற்றூரில் உள்ளது டார்ட்மத் கல்லூரி. 1964ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், விடியற்காலை நான்கு மணிக்கு, அங்கே பேசிக் என்னும் நிரல்மொழி முதன்முறையாக இயங்கிற்று. ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகிய இரு கணிதப் பேராசிரியர்களின் ஆக்கம் அது. கெமெனி 1926இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தவர். (கர்ட்ஸ் நெடுங்காலம் வாழ்ந்து 2024 நவம்பரில்தான் மறைந்தார்.) அக்காலத்தில் கணினியிடம் ஒரு கணக்கைக் கேட்பது அரசு அலுவலகத்தில் மனுக் கொடுப்பதைப் போன்றது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டு, மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ காத்திருக்க வேண்டும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. இதை மாற்ற வேண்டும் என்பது அவ்விருவரின் எண்ணம். அறிவியல் மாணவருக்கு மட்டுமன்றி, வரலாறும் இலக்கியமும் பயிலும் மாணவருக்கும் கணினி நூலகத்தைப்போல் திறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். அதற்காக ஒரு கணினியின் நேரத்தைப் பல முனையங்கள் ஒருசேரப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டையும், சில ஆங்கிலச் சொற்களே கொண்ட எளிய மொழியையும் சேர்த்தே வடித்தார்கள்.

இம்மொழியின் ஒரு சிறு வழக்கத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்களை 10, 20, 30 எனப் பத்துப் பத்தாக இடுவது மரபாயிற்று. இடையில் பின்னால் வரி சேர்க்க நேர்ந்தால் இடம் இருக்க வேண்டுமே! இருக்கும் வரி பிடிக்கவில்லையென்றால் அதே எண்ணுடன் புதிய வரியைத் தட்டினால் போதும், பழையது மறைந்துவிடும். திருத்துவதற்கு இடம்விட்டே எழுதத் தொடங்கும் ஒரு மொழி என்பதில் தொடக்கநிலையாளரைப் பற்றிய ஒரு கனிவு இருந்ததாகவே நமக்குப் படுகிறது.

முனையம் என்றால் இன்றுள்ள திரையை நினைத்துவிடலாகாது. டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறி அது. நொடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதச் சுருளில் கடகடவென்று அடித்துக்கொண்டே போகும். படம் கிடையாது, வண்ணம் கிடையாது. ஆகவே அங்கே பிறந்த விளையாட்டுகள் அனைத்தும் சொல்லாலும் எண்ணாலும் ஆனவை. கணினி ஒன்று சொல்லும். ஆடுபவர் ஒன்று சொல்வார். இருவர் சொன்னதும் ஒரே காகிதத்தில் பதிவாகி, ஆட்டம் முடிந்தபின் ஒரு நாடகப் பிரதியைப்போல் கிழித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

அதே 1964ஆம் ஆண்டில், டார்ட்மத்துக்கும் பேசிக்குக்கும் தொடர்பில்லாத வேறோர் இடத்தில், நம் கதைக்கு மையமான விளையாட்டு ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் கட்டோனா என்னும் ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர் மேபல் அடிஸ். வெஸ்ட்செஸ்டர் வட்டாரக் கல்விக் கூட்டமைப்பும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து, கணினியைக் கொண்டு பாடம் கற்பிக்க முடியுமா என்று ஆராய்ந்தபோது, அதற்கான கதையையும் வடிவத்தையும் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது. நிரலாக்கியவர் ஐபிஎம்மின் வில்லியம் மெக்கே. சுமேரிய விளையாட்டு எனப் பெயர்பெற்ற அதில், ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் கி.மு. 3500 வாக்கில் லகாஷ் நகரை ஆளும் மன்னராகிறார். அரண்மனை அதிகாரி அவரிடம் விளைச்சல் கணக்கை ஒப்புவிக்கிறார். மக்களுக்கு உணவாக எவ்வளவு, விதையாக எவ்வளவு, களஞ்சியத்தில் இருப்பாக எவ்வளவு என்று மன்னர் முடிவுசெய்ய வேண்டும். வெள்ளம் வரும், தீ வரும். மக்கள் பெருகுவார்கள் அல்லது மடிவார்கள். அடுத்தடுத்த பகுதிகளில் கைத்தொழிலும் வணிகமும் சேரும்.

கணினி விளையாட்டு ஒன்றுக்குக் கதை எழுதிய முதல் எழுத்தாளர் என அடிஸை இன்று குறிப்பிடுகிறார்கள். 2004இல் மறைந்த அவருக்கு, 2023இல் விளையாட்டு ஆக்குநர்களின் மாநாடு முன்னோடி விருது வழங்கிற்று. அறுபதாண்டுகள் சற்று அதிகம்தான்! அவர் ஒரு வரி நிரல்கூட எழுதியவரல்லர் என்பதை ஒரு குறையாகச் சொல்வாருண்டு. நமக்கு அது குறையாகத் தெரியவில்லை. எதை மாணவர் தீர்மானிக்க வேண்டும், அத்தீர்மானம் எதைப் பாதிக்க வேண்டும் என்று முடிவுசெய்வதே விளையாட்டு ஆக்கத்தின் முதற்பணி. அதை அவர் செய்தார். அவ்விளையாட்டின் மூல நிரல் இன்று இல்லை. சில அச்சுப் பிரதிகளும் அறிக்கைகளும் எஞ்சின. உரை மறைந்து, உரையாசிரியரின் மேற்கோள்களால் மட்டும் அறியப்படும் நூல்கள் நமக்குப் பழக்கமானவைதாமே.

மூலம் மறைந்தாலும் கிளை தழைத்தது. 1968இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தைச் சேர்ந்த டக் டைமென்ட், அப்படியொரு விளையாட்டு இருப்பதைக் கேள்விப்பட்டு, கேட்ட விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஃபோக்கல் என்னும் மொழியில் மிகச் சிறிய வடிவம் ஒன்றை எழுதினார். அதே நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் அஹ்ல் அதைப் பேசிக்கிற்குப் பெயர்த்து விரிவாக்கினார். 1973இல் அவர் தொகுத்த '101 பேசிக் கணினி விளையாட்டுகள்' என்னும் நூலில் அது அச்சேறியது. பின்னர் அதற்கு ஹமுராபி என்னும் பெயர் நிலைத்தது. கோப்புப் பெயருக்கு எட்டெழுத்தே இடம் என்பதால் ஆங்கிலத்தில் ஓர் 'ம்' குறைந்தது. பாபிலோனிய மன்னர் ஹமுராபி சுமேரிய லகாஷுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் என்பதை வரலாற்று அன்பர்கள் முணுமுணுக்கலாம், நாமும் முணுமுணுத்தோம். ஆனால் நூற்றுச் சொச்சம் வரிகளுக்குள் ஓர் அரசையே அடக்கிய அந்த நிரலைப் படித்துப் பார்த்தபின் அம்முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

அதன் கணக்கைச் சற்று ஊன்றிப் பார்க்கலாம். சிறிய விளையாட்டு எதனால் விளையாட்டாகிறது என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. ஆட்சிக்காலம் பத்தாண்டு. தொடக்கத்தில் மக்கள் 100 பேர், நிலம் 1000 ஏக்கர், களஞ்சியத்தில் 2800 புஷல் தானியம். ஒருவர் ஓராண்டு உயிர்வாழ 20 புஷல் வேண்டும். ஓர் ஏக்கர் விதைக்க அரைப் புஷல். ஒருவரால் பத்து ஏக்கர்தான் உழ முடியும். நிலத்தை விற்கலாம், வாங்கலாம். ஏக்கரின் விலை ஆண்டுதோறும் 17 முதல் 26 புஷலுக்குள் மாறும். விளைச்சல் ஏக்கருக்கு ஒன்று முதல் ஐந்து புஷல். எது கிடைக்கும் என்பது அதிர்ஷ்டத்தின் கையில். எலிகள் வரலாம். கொள்ளைநோய் வந்தால் மக்களில் பாதிப்பேர் போவார்கள். ஒரே ஆண்டில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேருக்குமேல் பட்டினியால் மாண்டால் மன்னர் அரியணையிலிருந்து இறக்கப்படுவார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். நூறு பேருக்கு உணவு 2000 புஷல். ஆயிரம் ஏக்கருக்கு விதை 500. ஆகச் செலவு 2500, மீதி 300. அதைக் கொண்டு பத்துப் பதினைந்து ஏக்கர் வாங்கலாம், அல்லது எலிகளுக்கு விட்டுவைக்கலாம். நடுத்தர விளைச்சலாகிய மூன்று புஷல் வந்தால் 3000 கிடைக்கும். அடுத்த ஆண்டும் மூச்சுவிடலாம். இரண்டு வந்தால் மீதியையும் சேர்த்தே 2300தான். யாரை விடுவது, எந்த நிலத்தை விற்பது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிடும். ஒன்றே வந்தால் சொல்லவே வேண்டாம். படமில்லை, இசையில்லை. ஆனால் இருப்புக்கும் தேவைக்கும் இடையே அந்த 300 புஷல் அளவே இடைவெளி வைக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு முடிவும் ஆடுபவரை உறுத்துகிறது. இப்போது நிரலைத் தட்டச்சு செய்த ஒரு சிறுவன், 20 என்பதை 15 என மாற்றிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் செழிக்கிறார்கள், ஆனால் ஆட்டம் செத்துவிடுகிறது. 25 என மாற்றினால், உள்ள 2800 புஷலில் உணவுக்கே 2500 போய்விட, விதைக்கே தட்டுப்பாடு. இவ்விரண்டையும் ஒருமுறை செய்து பார்த்தவனுக்கு விளையாட்டின் சமநிலை என்றால் என்ன என்று தனியே விரிவுரை ஆற்ற வேண்டியதில்லை.

மற்றொரு விளையாட்டின் வரலாறு இதனினும் சுவையானது. 1969 ஜூலையில் மனிதர் நிலவில் இறங்கினர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், மாசசூசெட்ஸின் லெக்சிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஸ்டோரர் என்னும் மாணவர், பள்ளியின் பிடிபி-8 கணினியில் நிலவில் இறங்கும் விளையாட்டு ஒன்றை எழுதினார். கலம் நிலவுக்கு மேல் 120 மைல் உயரத்தில், மணிக்கு 3600 மைல் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. பத்து நொடிக்கு ஒருமுறை, நொடிக்கு எத்தனை பவுண்டு எரிபொருள் எரிப்பது என்று ஆடுபவர் சொல்ல வேண்டும்: ஒன்றுமில்லை, அல்லது 8 முதல் 200 வரை. முன்னதாகவே எரித்துவிட்டால் இறுதியில் எரிபொருள் இராது; தாமதித்தால் தரையில் மோதும். மணிக்கு ஒரு மைலுக்குள் வேகத்தைக் குறைத்துத் தரையைத் தொடுபவர்க்கே முழு வெற்றி. இவ்வளவும் சில பத்து வரிகளில். எரிபொருள் எரிய எரியக் கலத்தின் எடை குறைவதையும் விடாமல், டெய்லர் தொடரைக் கொண்டு கணக்கிட்டிருந்தார் அம்மாணவர்.

அவர் அதை டிஜிட்டல் நிறுவனத்தின் செய்திமடலுக்கு அனுப்பிவைத்தார். அஹ்ல் அதைப் பேசிக்கிற்குப் பெயர்த்தார். பிறர் தத்தம் வகையில் மாற்றி எழுதினர். பல நாடுகளில் பல கணினிகளில் அது பரவிற்று. ஸ்டோரர் பிற்காலத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியரானார். இனிதான் வேடிக்கை. 2024இல் மார்ட்டின் சி. மார்ட்டின் என்னும் நிரலாளர், மிகக் குறைந்த எரிபொருளில் இறங்கும் வழியைக் கணக்கிட்டுக் காண முயன்றபோது, வர வேண்டிய விடை வரவில்லை. நிரலைத் துருவிப் பார்த்தார். ஒரு சமன்பாட்டில் இரண்டால் வகுக்க வேண்டிய ஓரிடம் விடுபட்டிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் எண்ணற்றோர் அதே நிலவில் இறங்கிக்கொண்டும் மோதிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. தொடக்கநிலையாளர் பலர், பிழையில்லாமல் எழுத வராது என்ற அச்சத்தாலேயே முதல் விளையாட்டை எழுதாமல் விடுகிறார்கள். அவர்களுக்கு இச்செய்தி எட்ட வேண்டும்.

அஹ்லின் 1973ஆம் ஆண்டு நூல் இவ்வாறு பலர் அனுப்பிய விளையாட்டுகளின் தொகை. அனுப்பியவர்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் மிகுதி. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறு குறிப்பு, முழு நிரல், ஒருமுறை ஆடிக்காட்டிய அச்சுப் பிரதி என்னும் மூன்றும் அதில் இருந்தன. 1974இல் அஹ்ல் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' என்னும் இதழைத் தொடங்கினார். அது 1985 வரை வந்தது. வீட்டுக் கணினிகள் கடைகளுக்கு வந்துவிட்ட பிறகு, 1978இல் அவற்றுக்கேற்பத் திருத்திய பதிப்பு வெளியாயிற்று. கணினி நூல்களில் முதன்முதலாகப் பத்து லட்சம் பிரதிகள் விற்றது அதுவே. 2022இல் அஹ்ல் தம் படைப்புகளைப் பொதுவுடைமையாக்கிவிட்டார். ஆகவே இன்று எவரும் அதைத் தடையின்றி எடுத்தாளலாம்.

கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் பாப் ஆல்பிரெக்ட் முதலியோர் நடத்திய 'மக்கள் கணினி நிறுவனம்' இதே பணியை வேறொரு போக்கில் செய்தது. பெயரில்தான் நிறுவனம், உண்மையில் அது ஒரு செய்திமடலும், தெருவில் போகிறவர் உள்ளே வந்து கணினியைத் தொட்டுப் பார்க்கும் ஒரு கூடமும். அங்கே பத்துக்குப் பத்துக் கட்டத்தில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டுகள் சில இருந்தன. கிரிகரி யாப் என்பவர் அவற்றைப் பார்த்தார். எல்லாம் கட்டம்தானா என்று சலித்தார். பன்னிரண்டு முகங்களையுடைய திண்மம் ஒன்றின் இருபது முனைகளையும் இருபது குகை அறைகளாக்கி, ஒவ்வோர் அறையிலிருந்தும் மூன்று வழிகள் பிரியுமாறு அமைத்து, உள்ளே வம்பஸ் என்னும் விலங்கை விட்டார். அத்திண்மம் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பிரியமானது. அவ்வடிவில் பட்டம்கூடச் செய்திருக்கிறார். வம்பஸைக் கண்ணால் காண முடியாது. பக்கத்து அறையில் இருந்தால் நாற்றம் வரும். பக்கத்தில் படுகுழி இருந்தால் காற்று வீசும். இவ்விரு குறிப்புகளை வைத்துக்கொண்டு அம்பு எய்ய வேண்டும். 1973இல் செய்திமடலில் வெளிவந்த அவ்விளையாட்டு பிறகு எத்தனையோ குகைகளுக்கு வித்தாயிற்று. பிறர் விளையாட்டைப் பார்த்து எழுந்த சலிப்பும் ஒரு தொடக்கமே என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது.

இங்கே நம் இலக்கிய அன்பர்களுக்கென ஒரு கிளைக்கதை. குகையில் புகுந்து அலைவதில் வல்லவரான வில் கிரௌதர் என்னும் நிரலாளர், 1975-76 வாக்கில், தம் பெண் குழந்தைகள் ஆடுவதற்காகக் கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொடரை மாதிரியாக வைத்துச் சொற்களாலான ஒரு பயண விளையாட்டை எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் என்னும் மாணவர் அதைக் கண்டார். மூல நிரலைக் கேட்டு வாங்கினார். புதையல்களும் மாயங்களும் சேர்த்து 1977இல் விரிவாக்கினார். உலகம் அறிந்தது இந்த விரிந்த பாடத்தையே. கிரௌதரின் மூலப்பாடம் தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 2005இல் பழைய கோப்புகளின் காப்புப் பிரதி ஒன்றிலிருந்து அது மீண்டது. டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் அதையும் விரிந்த பாடத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மெய்யான குகைக்குள்ளும் போய்ப் பார்த்து, 2007இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஏட்டுச்சுவடி ஆராய்ச்சி என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதில் ஓர் அணுவும் குறையாத பணி.

சுவடி என்றதும் தட்டச்சைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் வெளிவந்த கணினி இதழ்களில் விளையாட்டுகள் வட்டில் வரவில்லை; அச்சிட்ட நிரலாக வந்தன. வாசகர் வீட்டில் அமர்ந்து வரிவரியாகத் தட்டிக் கணினிக்குள் ஏற்ற வேண்டும். முக்காற்புள்ளி ஒன்று முற்றுப்புள்ளியானால் ஓடாது. பூச்சியம் ஆங்கில ஓ எழுத்தானால் ஓடாது. அச்சகத்தின் பிழை வேறு இருக்கும். அடுத்த மாத இதழில் திருத்தம் வரும்வரை காத்திருந்தோர் உண்டு. இவையும் போதாவென்று ஒவ்வொரு கணினியின் பேசிக்கும் ஒவ்வொரு வட்டார வழக்கு. ஒன்றில் தற்செயல் எண் பிறப்பிக்கும் முறை மற்றொன்றில் செல்லாது. ஆகவே தட்டுபவர் பெயர்த்தெழுதுபவராக மட்டும் இருக்க முடியாது. பொருள் உணர்ந்தே ஆக வேண்டும். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் இடையில் ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் பாடபேதத்தை உண்டாக்கியதுபோல் இவர்களும் உண்டாக்கினார்கள். ஒரே வேற்றுமை, இங்கே பேதம் பொருந்தவில்லையென்றால் கணினி உடனே முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். பிழையைத் தேடி நிரலை மூன்றுமுறை வாசித்தவர், நான்காம் முறை அதை மாற்றத் துணிந்தார்.

பிழையைக் குறைக்க இதழ்கள் வழிதேடின. 1983இல் 'கம்ப்யூட்!' குழும இதழ்கள், தட்டிய ஒவ்வொரு வரிக்கும் சரிபார்ப்பு எண் ஒன்றைக் காட்டும் சிறு நிரலை வெளியிட்டன. நல்ல உதவிதான். ஆனால் அதே ஆண்டுகளில் விளையாட்டுகள் வேகமும் படமும் வேண்டி, பேசிக்கை விட்டு எந்திரமொழிக்குத் தாவின. இதழின் பக்கங்களில் சொற்கள் மறைந்து, எண்களே நிரைநிரையாக நின்றன. வாசகர் பொருளறியாமல் எண்களைத் தட்டினார். தட்டி முடித்ததும் ஆடினார். நம் கருத்தில், வழி அடைபடத் தொடங்கியது இங்கேதான். வட்டுகள் மலிந்து இதழ்களில் நிரல் அச்சிடுவது நின்றுபோனது அதன்பின் நிகழ்ந்த சடங்கு.

இந்தியாவுக்கு இந்த அலை தாமதமாகவும் மெல்லியதாகவும் வந்தது. 1984இல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின்கீழ், பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளைச் சில நூறு பள்ளிகளுக்கு வழங்கியது. அதன் பின்னர்த் தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் தட்டச்சு நிலையங்களை ஒட்டி முளைத்த கணினி மையங்களிலும் ஜி.டபிள்யூ. பேசிக் பயின்றோர் ஏராளம். ஆனால் அங்கே கற்பித்தது பெரும்பாலும் வட்டிக் கணக்கும் மதிப்பெண் பட்டியலுமே. விளையாட்டு என்றால் நேரத்தை வீணாக்குவது. பேசிக் பிறந்த டார்ட்மத்திலேயே கணினி நேரத்தில் கணிசமான பங்கை விளையாட்டு எடுத்துக்கொண்டது என்பதும், கெமெனி அதைத் தடுக்கவில்லை என்பதும் நம் மையங்களின் சுவரில் எழுதப்படாத செய்திகள்.

1991இல் எம்.எஸ். டாஸ் ஐந்தாம் பதிப்புடன் கியூபேசிக் வந்தது. அதனுடன் இரண்டு விளையாட்டுகள் மூல நிரலோடு வந்தன. உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் நின்று இரு கொரில்லாக்கள் வெடிக்கும் வாழைப்பழங்களை ஒன்றன்மேல் ஒன்று எறிவது ஒன்று. பாம்பு இரைதேடி நீள்வது மற்றொன்று. கோணமும் வேகமும் சொல்லி எறிய வேண்டும், காற்றின் போக்கையும் பார்க்க வேண்டும். ஆடுவதற்காகக் கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நிரல்தான். எதையேனும் மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்காதவர் குறைவு. வெடிப்பைப் பெரிதாக்கினார்கள்; புவியீர்ப்பைக் குறைத்தார்கள். அதற்கடுத்து வந்த விண்டோஸ் பதிப்புகளில் கியூபேசிக் குறுந்தகட்டின் ஒரு மூலைக்குப் போயிற்று. பிறகு அங்கும் இல்லை. 2006இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் டேவிட் பிரின், தம் மகனின் கணிதப் பாடநூலில் இருந்த பேசிக் பயிற்சிகளை இயக்கிப் பார்க்க வீட்டில் கணினி இருந்தும் மொழி இல்லை என்று வருந்தி ஒரு கட்டுரை எழுதினார். எந்திரம் ஆயிரம் மடங்கு வலுப்பெற்றிருந்தது. அதனிடம் நேரடியாக ஒரு வரி சொல்லிப் பார்க்க வழியில்லாமல் போயிருந்தது.

அடைபட்ட வழி வேறு வேறு இடங்களில் மீண்டும் திறந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். 1999இல் நெதர்லாந்தின் மார்க் ஓவர்மார்ஸ் மாணவர்களை மனத்தில் வைத்துக் கேம் மேக்கரை உருவாக்கினார். 2002இல் தொடங்கிய லூடம் டேர், 48 மணி நேரத்தில் ஒருவரே ஒரு விளையாட்டை முடிக்க வேண்டும் என்று விதித்தது. சிறிதாக இருப்பதற்கு அதனால் ஒரு கௌரவம் கிடைத்தது. 2007இல் எம்ஐடியிலிருந்து ஸ்கிராட்ச் வந்தது. அதில் பிறர் பகிர்ந்த எந்த ஆக்கத்தின் உள்ளேயும் நுழைந்து பார்க்கலாம், அதையே எடுத்து மாற்றித் தம்முடையதாக வெளியிடலாம். பழைய இதழ்ப் பக்கத்தின் மறுபிறப்பு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். 2009இல் கிறிஸ் கிளைமாஸ் வெளியிட்ட ட்வைன், கிளைபிரியும் கதை எழுதத் தெரிந்தால் போதும் என்றது. கதை எழுதும் நண்பர்கள் தயங்காமல் தொடக்கூடியது இது. தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட எழில் என்னும் நிரல்மொழியும் உண்டு. 'பதிப்பி' என்றால் அது பதிப்பிக்கும்.

கருவி எதுவாயினும், முதலில் எழுதத்தக்கது எது என்ற கேள்விக்கு அஹ்லின் தொகை ஒரு விடை வைத்திருக்கிறது: எண்ணை ஊகிக்கும் ஆட்டம். பேசிக்கின் சாயலில், நம் சொற்களில் அதை இப்படி எழுதலாம்.

10 ஒன்று முதல் நூறுக்குள் ஏதேனும் ஓர் எண்ணை எடுத்து, அதற்கு 'அ' எனப் பெயரிடு
20 ஆடுபவரிடம் ஓர் எண்ணைக் கேட்டு, அதற்கு 'ஆ' எனப் பெயரிடு
30 ஆ, அ-வைவிடச் சிறிதானால் 'இன்னும் மேலே' என எழுதிவிட்டு 20க்குப் போ
40 ஆ, அ-வைவிடப் பெரிதானால் 'இன்னும் கீழே' என எழுதிவிட்டு 20க்குப் போ
50 'கண்டுபிடித்துவிட்டீர்கள்' என எழுது

ஐந்தே வரிகள். ஆனால் விளையாட்டுக்கு வேண்டிய அனைத்தும் இதில் இருக்கின்றன: மறைந்திருக்கும் ஒன்று, ஆடுபவரின் செயல், அதற்கு உடனடி மறுமொழி, மீண்டும் ஒரு வாய்ப்பு, முடிவு. எந்த மொழியில் இதைத் தட்டினாலும் ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் ஆகாது. ஓடியபின் மாற்றத் தொடங்கலாம். பத்துக்கும் இருபதுக்கும் இடையில் 15 எனப் புதிய வரி எழுதி எண்ணிக்கையைப் பூச்சியமாக்குங்கள். 25 என்றொரு வரியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று கூட்டுங்கள். ஏழு வாய்ப்புக்குமேல் தராதீர்கள். ஒவ்வொரு முறையும் நடு எண்ணையே கேட்பவர் ஏழுக்குள் கண்டுபிடித்துவிடுவார், மனம்போன போக்கில் கேட்பவர் பெரும்பாலும் தோற்பார் என்பது புலப்படும். நூறை ஆயிரமாக்கினால் வாய்ப்பு எத்தனையாக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எழுபது அல்ல, பத்து போதும். ஏன் பத்து என்று விளங்கும் இரவில் கணிதம் சற்றே வேறு முகம் காட்டும். பிறகு, கணினி ஒரே ஒருமுறை மட்டும் பொய் சொல்லலாம் என்று ஒரு வரி சேர்த்தால், ஆட்டம் முற்றிலும் புதிதாகிவிடும். அப்போது அது எழுதியவருக்கே உரியது.

இது பழகிய பின் ஹமுராபிக்குப் போகலாம். நூற்றுச் சொச்சம் வரிகளையும் ஒட்டி எடுக்காமல் கையாலேயே தட்டுங்கள். முதல் ஆண்டில் எலிகள் எவ்வளவு தின்கின்றன என்பதைத் தீர்மானிக்கும் வரி எது என்று தேடிக் கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஆட்சியைத் தொடங்குங்கள்.